வியர்வையில் உள்ள உப்பு சொல்லும் சேதி

உச்சி வெயிலில் கொழுந்து எடுப்பவர்களுக்கு வியர்வையின் ருசி தெரியும். உதட்டில் பட்டால் உப்புக் கரிக்கும். சட்டை காய்ந்தபின் முதுகில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் அந்த உப்புத்தான். இந்த உப்பை அளந்தே பிள்ளைகளுக்கு வரும் ஒரு பெரிய நோயை டொக்டர்மார் கண்டுபிடிக்கிறார்கள். இம்முறை அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் கடும் வெக்கை. மயங்கி விழுந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அவர்களில் பலருக்கு 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்ற நோய் இருந்தது. வெயில் எல்லாருக்கும் ஒன்றுதானே, இந்தப் பிள்ளைகள் மட்டும் ஏன் இப்படி விழ வேண்டும்? போல் டி சான்ட் ஆக்னீஸ் என்ற டொக்டர் இதை விடாமல் யோசித்தார். அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953இல் அவரும் கூட இருந்தவர்களும் எழுதி வெளியிட்டார்கள்.

காரணம் இதுதான். நம் தோலில் 20 இலட்சத்துக்கு மேல் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழாய். அடியில் ஊறும்போது வியர்வையில் உப்பு கூடுதலாகவே இருக்கும். மேலே ஏறி வரும்போது, சிக்கனமான வீட்டுக்காரி மாதிரி, குழாயின் சுவர் பெரும்பகுதி உப்பை உடம்புக்கே திருப்பி எடுத்துக்கொள்ளும். இந்த நோயுள்ள பிள்ளைக்கு அப்படி உப்புத் திரும்பிப் போகும் வழி பிறவியிலேயே பழுது. அதே பழுதினால் நெஞ்சுச் சளியும் பிசினாக இறுகிவிடும், சாப்பாடும் சரியாகச் செரிக்காது.

முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கும் பிள்ளை நெடுநாள் தங்காது என்று ஐரோப்பாவில் பழைய பேச்சு ஒன்று உண்டு. டொக்டர் அளந்து பார்க்கும் முன்னமே தாய்மார் கண்டுவிட்டார்கள் பாருங்கள்!

ஆரம்பத்தில் பிள்ளையைப் போர்த்தி வியர்க்க வைத்தார்கள். அது ஆபத்தான வேலை. 1959இல் கிப்சன், குக் என்ற இருவர் நல்ல வழி சொன்னார்கள். முன்கையில் பைலோகார்பின் என்ற மருந்தை வைத்து மெல்லிய மின்சாரம் விட்டால் அந்த இடம் மட்டும் வியர்க்கும். ஊசி குத்துவதில்லை, கொஞ்சம் குறுகுறுக்கும், அவ்வளவுதான். அரை மணி நேரம் வியர்வையைச் சேர்த்து, அதிலுள்ள குளோரைட்டை அளப்பார்கள். லீற்றருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் என்றால் நோய் இருப்பதாக எடுத்துக்கொண்டு மறுபடியும் சோதித்து உறுதி செய்வார்கள். 30க்குக் குறைந்தால் பெரும்பாலும் இல்லை. இன்றும் இதே சோதனைதான் நடக்கிறது.

முன்பு இந்த நோயுள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே இறந்தார்கள். இன்று நேரத்தோடு கண்டுபிடித்து வைத்தியம் செய்தால் பலர் வளர்ந்து ஆளாகிறார்கள்.

நம் மக்களிடம் இது அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. உப்புக் கரிக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் பயப்பட வேண்டாம், எல்லார் வியர்வையும் கரிக்கத்தான் செய்யும். ஆனால் இருமல் விடாமல், நன்றாகச் சாப்பிட்டும் நிறை கூடாமல், மலம் எண்ணெய்ப் பசையாகப் போய், நெற்றியிலும் உப்புப் படிந்தால், எல்லாவற்றையும் சேர்த்து டொக்டரிடம் சொல்லுங்கள். "முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குதுங்க ஐயா" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். பிள்ளையின் நிறை எழுதிய கிளினிக் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.