பெரிய சக்கரம், சிறிய பட்டம்

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் சர்வதேசப் பட்டத் திருவிழா மாமல்லபுரத்தில் நடந்தது. 2024இல் அந்த விழா திருவிடந்தைக் கடற்கரைக்கு வந்தது. இதுபோன்ற விழாக்களில் பறக்கும் ராட்சதப் பட்டங்களை ஒற்றை ஆளால் பிடித்து நிறுத்த முடியாது. எடை மிகுந்த ஏதாவது ஒன்றில் கட்டியாக வேண்டும். பார்க்க வந்தவர்கள் மேலே இருக்கும் வண்ணத்தைப் பார்க்கிறார்கள். கீழே கயிறு எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்த விறைப்பைக் கட்டிவைக்காமல், சக்கரம் வைத்த பலகையில் நிற்கும் ஓர் ஆளிடம் கொடுத்தால் மணல்மேல் ஓடும் வாகனம் ஒன்று கிடைத்துவிடும். அந்தப் பலகைக்கு லேண்ட்போர்டு என்று பெயர். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் பலகை, முன்னும் பின்னும் சாய்ந்து திரும்பும் இரண்டு அச்சுகள், காற்றடைத்த நான்கு டயர்கள், கால் நுழைக்க இரண்டு பட்டைகள். இவ்வளவுதான் அதன் உடம்பு. இன்ஜின் ஆகாயத்தில் இருக்கிறது.

முதல் பலகை வாங்க நினைப்பவரின் கண் பலகையின் ஓவியத்திலும் விலையிலும்தான் போய் நிற்கும். நம் கரையில் ஓட்டப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தை. ஏன் என்று தெரிய, காற்று எவ்வளவு இழுக்கும், மணல் எவ்வளவு தடுக்கும் என்ற இரண்டு கணக்குகளும் வேண்டும்.

குதிரை இல்லாத வண்டி

பட்டத்தை வண்டியில் பூட்டும் யோசனைக்கு ஏறத்தாழ இருநூறு வயதாகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளிக்கூடம் நடத்திய ஜார்ஜ் போகாக், 1826இல் ‘சார்வோலாண்ட்’ என்ற பட்ட வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கயிற்றில் இரண்டு பட்டங்கள். அவை பலரை ஏற்றிய வண்டியைச் சாலையில் இழுத்துச் சென்றன. அந்தக் காலத்துச் சுங்கச்சாவடிகளில் எத்தனை குதிரைகள் என்று எண்ணித்தான் கட்டணம் வாங்குவார்கள். இவருடைய வண்டியில் எண்ணக் குதிரையே இல்லாததால் கட்டணமும் இல்லை. பட்டத்தின் இழுப்பில் இவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்றால், தம் மகள் மார்த்தாவையே நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டத்தால் மேலே தூக்கிப் பார்த்தார். அந்த மார்த்தாவின் மகன்தான் கிரிக்கெட் உலகின் முதல் பெரும் நட்சத்திரமான டபிள்யூ.ஜி. கிரேஸ்.

1964இல் டொமினா ஜால்பர்ட் உருவாக்கிய பாராஃபாயில், குச்சியே இல்லாத துணிப் பட்டம். முன்விளிம்பின் வாய்கள் வழியாகக் காற்று உள்ளே புகுந்து அதற்கு இறக்கை வடிவம் கொடுக்கிறது. தரையில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்த பட்டங்களையே விடுகிறார்கள். 1990 வாக்கில் நியூசிலாந்தின் பீட்டர் லின் மூன்று சக்கரப் பட்ட வண்டியைப் பரவலாக்கினார். நின்றுகொண்டு ஓட்டும் பலகை அதற்கு இளைய உறவு.

இழுப்பின் கணக்கு

பட்டத்தின் இழுவிசை அதன் பரப்பளவோடு நேராகக் கூடும். காற்றின் வேகத்தோடோ இருமடி விகிதத்தில் கூடும். 5 சதுர மீட்டர் பட்டம் ஒன்று, மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றில் அசையாமல் நின்றால் சுமார் 6 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கும். காற்று 36 கிலோமீட்டரானால் இழுப்பு 12 ஆகாது, 24 ஆகிவிடும். பட்டத்தை வானத்தின் குறுக்கே வீசி இறக்கினால், அது தன் ஓட்டத்தாலேயே கூடுதல் காற்றைச் சந்திக்கிறது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கும் அந்தக் கணத்தில் 55 கிலோவுக்கு நெருக்கமாக இழுக்கும். பெரிய ஆளையும் குப்புறத் தள்ள அது போதும்.

இனி தடுப்பின் கணக்கு. ஆளும் பலகையும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். கெட்டியான தரையில் காற்றடைத்த டயர் உருள்வதற்கு ஒன்றரை, இரண்டு கிலோ இழுப்பே போதும். தளர்ந்த மணலிலோ எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் கேட்கும். அதாவது 17 கிலோவும் அதற்கு மேலும். கெட்டித் தரையில் உங்களைச் சுகமாக ஓட்டிச் செல்லும் அதே 6 கிலோ காற்று, பொடிமணலில் ஓர் அடிகூட நகர்த்தாது.

புதியவர் தடுக்கி விழுவது இங்கேதான். பலகை நகரவில்லை என்றதும் பெரிய பட்டம் தேடுகிறார். பொடிமணலை வெல்லும் அந்தப் பெரிய பட்டத்தோடு பலகை திடீரென்று கெட்டி மணலுக்கு வரும்போது தடுப்பு பத்தில் ஒன்றாகிவிடுகிறது, இழுப்பு அப்படியே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பலத்த காற்றும் வந்தால் முடிந்தது. மணலில் நன்றாக உருளும் சக்கரம் இருந்தால் சிறிய பட்டமே போதும். பெரிய சக்கரத்துக்குக் கொடுக்கும் பணத்தைத் தலைக்கவசத்துக்குக் கொடுக்கும் பணத்தோடு சேர்த்து எழுதலாம்.

ஈரம் செய்யும் வேலை

ஒரே மணல் சில அடி தூரத்துக்குள் கல்போலவும் மாவுபோலவும் நடந்துகொள்வதற்குக் காரணம் தண்ணீர். புட்டுக்கு மாவு பிசறுபவர்களுக்கு இந்த இயற்பியல் கைப்பழக்கம்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மிகச் சிறிதளவு நீர், மணிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் நுண்ணிய பாலங்களாக நிற்கிறது. நீரின் பரப்பு இழுவிசை அந்தப் பாலங்கள் வழியாக மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. நீரே இல்லாவிட்டால் பாலமும் இல்லை, மணிகள் உருண்டோடும். நீர் நிறைந்து வழிந்தாலும் பாலங்கள் கரைந்து சேறாகும்.

பண்டை எகிப்தில் ஜெஹுதிஹோத்தெப் என்ற அதிகாரியின் கல்லறையில் ஓர் ஓவியம் இருக்கிறது. பெருஞ்சிலை ஒன்றைச் சறுக்குவண்டியில் வைத்துப் பலர் இழுக்கிறார்கள்; வண்டியின் முன்னால் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சரியான அளவு ஈரம் சேர்ந்தால் இழுக்கத் தேவையான விசை ஏறக்குறைய பாதியாகிறது. காய்ந்த மணல் வண்டிக்கு முன்னால் குவிந்து மேடாகிறது, ஈரமணல் குவிவதில்லை என்பதே காரணம்.

அலை ஈரமாக்கிப் போன மணலில் கால் வைத்தால், சுற்றிலும் ஒரு வளையம் சட்டென்று வெளிறும். இதை 1885இல் விளக்கியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். நெருக்கமாக அடுக்கியிருக்கும் மணிகளை அழுத்தினால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைவெளியைப் பெருக்குகின்றன. மேற்பரப்பு நீர் அந்த இடைவெளிக்குள் இறங்குகிறது; மணல் கணநேரம் இன்னும் கெட்டியாகிறது. வெளிறும் மணல் பலகையைத் தாங்கும் மணல்.

அப்படித் தாங்கும் ஈரமணல் பட்டை நம் கரையில் எவ்வளவு அகலம்? போகாக்கின் ஊரை ஒட்டிய பிரிஸ்டல் கால்வாயில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு 12 மீட்டரையும் தாண்டும். கடல் பின்வாங்கினால் கெட்டியான ஈரமணல் மைதானமே திறக்கும். சென்னை, மாமல்லபுரம் கரைகளில் அந்த வேறுபாடு பௌர்ணமி, அமாவாசைகளிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கிடைப்பது கடலோரம் ஓடும் ஒல்லியான பட்டை. ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரம் பொடிமணலுக்குள் போய்த்தான் திரும்பும். ஐரோப்பியக் கரைக்குப் பொருந்தும் சிறிய சக்கரம் இங்கே பொருந்தாததற்கு இது போதுமான காரணம்.

சக்கரம்

லேண்ட்போர்டு சக்கரங்கள் பொதுவாக 8 அங்குலம் முதல் 10 அங்குல விட்டம் வரை வரும். நம் கரைக்கு 9 அல்லது 10. மணலில் புதையும் சக்கரம் தன் முன்னால் ஒரு சிறு மேட்டை உண்டாக்கி அதிலேயே ஏறிக்கொண்டிருக்கிறது. விட்டம் கூடினால் அந்த ஏற்றம் சாய்வாகிறது. அகலம் கூடினால் புதைவது குறைகிறது. சந்திரனில் 1971இல் ஓடிய அப்பல்லோ ஊர்தியின் உருவாக்கத்தில் பங்கேற்ற போலந்து வம்சாவளிப் பொறியாளர் எம்.ஜி. பெக்கர், தளர்ந்த மண்ணில் சக்கரம் எவ்வளவு புதையும் என்பதைத்தான் சமன்பாடாக்கினார். பெரிய சக்கரத்துக்கு விலையும் உண்டு: பலகை கனக்கும், நிற்கும் உயரம் கூடும், திருப்புவது சற்று மந்தமாகும். பழகுபவருக்கு இவை பெரிய இழப்பில்லை.

டயரில் எவ்வளவு காற்று என்பது சக்கர அளவுக்கு இணையான கேள்வி. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். 85 கிலோவை நான்கு சக்கரங்கள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 21 கிலோ. 40 பிஎஸ்ஐ காற்றில் ஒவ்வொரு டயரும் ஏழரை சதுர சென்டிமீட்டர் மணலைத் தொடும். 20 பிஎஸ்ஐயில் பதினைந்து. காற்றைப் பாதியாக்கினால் கால் தடம் இரட்டிப்பாகும். கைப்பம்பும் அழுத்தமானியும் பையில் இருந்தால், கரைக்குப் போனபின் மணலைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மற்ற உறுப்புகள்

செங்கல்பட்டு வட்டாரத்தின் குன்றுகளும் மாமல்லபுரத்தின் சிற்பப் பாறைகளும் மிகக் கடினமானவை. இத்தகைய பாறைகள் சிதைந்து வந்த கனிமங்கள் நம் கரை மணலில் கறுப்பும் கருஞ்சிவப்புமாகக் கோடு போட்டுக் கிடக்கின்றன. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கார்னெட்டை உப்புத்தாள்களில் ஒட்டுவார்கள். கடினப்படுத்திய எஃகுக்கே அது ஈடுகொடுக்கும். அது சக்கரத்தின் பேரிங்குக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே உப்புநீரும் சேர்ந்துகொள்ளும்.

பலகை ஒன்றில் எட்டு பேரிங். அவற்றைத் தேய்ந்து தீரும் பொருளாகவே எண்ண வேண்டும். அச்சு 12 மில்லிமீட்டர் உள்ள பலகைகளில் பெரும்பாலும் 6001 எண் பேரிங் பொருந்தும். இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 6001 எந்த பேரிங் கடையிலும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரக் காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தின் ட்ராம்பா, அமெரிக்காவின் எம்பிஎஸ் என எந்த நிறுவனத்தின் பலகையானாலும், வாங்குமுன் அச்சின் அளவைக் கேளுங்கள். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். சக்கரத்தின் நடுப்பகுதி பிளாஸ்டிக்காக இருந்தால் அரிக்காது.

அச்சுகளில் இரண்டு வகை பரவலானவை. ஒன்றில் ரப்பர் கட்டைகள் சாய்வைத் தாங்கும். இன்னொன்றில் சுருள் ஸ்பிரிங்குகள் தாங்கும். ரப்பர் வகையில் அசையும் பாகங்கள் குறைவு, மணல் புகுந்து உட்கார இடமும் குறைவு. எந்த வகையானாலும் சற்று இறுக்கமாக வைத்துத் தொடங்குவது நல்லது. வேகத்தில் பலகை இடவலமாக உதறுவது குறையும். பலகையைப் பொறுத்தவரை, ஒட்டுப்பலகையில் விளிம்பு வழியாக ஈரம் புகுந்து அடுக்குகள் பிரியலாம். கண்ணாடியிழைக் கலவைக்கு அந்தத் தொல்லை இல்லை, விலை கூட. மலைச்சரிவுக்குச் செய்த பலகைகளில் வரும் பிரேக், பட்டத்தோடு ஓட்டுபவருக்குத் தேவையில்லை. பட்டத்தைத் தலைக்கு நேர்மேலே கொண்டுவந்தால் முன்னோக்கிய இழுப்பு அடங்கும். கால்பட்டை, விழும்போது கால் கழன்று வரும் அளவுக்கு மட்டும் இறுக வேண்டும்.

எங்கே, எப்போது

நம் கரை ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. நண்பகலை ஒட்டி எழும் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. காற்றுக்குக் குறுக்கே போவதே பலகைக்கு எளிது என்பதால், கடல்காற்றில் கரையோரமாகவே வடக்கும் தெற்கும் ஓடித் திரும்பலாம். ஆனால் பட்டம் எப்போதும் காற்று போகும் பக்கம் நிற்கும். இருபது மீட்டர் கயிற்றின் முனையில் அது கரைமேல் மிதக்கும். கீழே படகுகள், காயும் வலைகள், ஆட்கள். மாஞ்சா கழுத்தை அறுத்த செய்திகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, விறைத்த மெல்லிய கயிறு என்ன செய்யும் என்று விளக்க வேண்டாம். கடற்கரைக் கோயில் பக்கம் கூட்டம் நிறைந்த மணல் இதற்கு இடமில்லை. மீனவர் ஊரை ஒட்டிய கரை அவர்கள் வேலைசெய்யும் களம், கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

தென்மேற்குப் பருவத்தில் காலை நேரங்களில் மேல்காற்று வீசும். பலமாகத்தான் இருக்கும், ஆனால் சவுக்குத் தோப்புகளைத் தாண்டி வருவதால் சுழன்றும் விட்டுவிட்டும் வரும். 10 மீட்டர் உயரத் தோப்பின் குழப்பம் நூறு மீட்டருக்கு அப்பாலும் தெரியும். ஒடுங்கிய கரை முழுதும் அதற்குள் அடங்கிவிடும். அந்தக் காற்றில் பழகாமல் கடல்காற்றுக்குக் காத்திருக்கலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, ஓதக்கோட்டுக்கு மேலே காய்ந்த மணலில் முட்டையிடுகின்றன. முட்டைகள் இருக்கும் காலத்தில் அந்த மணலைச் சக்கரம் திருப்பத்தில்கூட அழுத்தக் கூடாது. பலகை நன்றாக ஓடும் ஈரப்பட்டையோ முட்டைகளுக்கு எட்டாத கீழ்ப்பகுதி.

கரைக்கு மாற்றாகச் செங்கல்பட்டின் சிற்றேரிகள் இருக்கின்றன. கோடையில் வறண்ட படுகை அகலமானது, கெட்டியானது. மின்கம்பி அருகில் இல்லாத படுகையாகப் பாருங்கள்; அங்கே 8 அங்குலச் சக்கரமே போதும். வெடிப்புகளைப் பார்த்து ஓட்ட வேண்டும். நெருஞ்சிக்கும் சீமைக்கருவேல முள்ளுக்கும் மாற்று ட்யூப் வேண்டும்.

எங்கே ஓட்டப்போகிறோம் என்று முடிவானபின், செலவில்லாத சோதனை ஒன்று. அந்த மணலில் ஒற்றைக் குதிகாலில் எடை முழுவதையும் போட்டு நில்லுங்கள். 70 கிலோ ஆளின் குதிகால் அழுத்தம் 30 பிஎஸ்ஐ டயரின் அழுத்தத்துக்கு நெருக்கமானது. தடம் மேலோட்டமாக இருந்தால் எந்தச் சக்கரமும் ஓடும். ஒரு விரல் ஆழம் புதைந்தால் 9 அங்குலமும் குறைந்த காற்றும் வேண்டும். குதிகால் முழுதும் மறைந்தால் 10 அங்குலம் வாங்குங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். பெரிய பட்டத்தை மட்டும் அதற்கு மருந்தாக வாங்காதீர்கள்.