மழையைத் தடுக்கும் கடல், பறவைக்குச் சோறிடும் கடல்

நமீபியாவின் வால்விஸ் பே நகரத்து உப்பளங்களைத் தாண்டியதும் சாலை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தெற்கே, சான்ட்விச் ஹார்பர் காயல் வரை சுமார் 50 கிலோமீட்டரும் மணல்தான். டயர்களின் காற்றைக் குறைத்துவிட்டு, கடல் வற்றம் பார்த்துக் கிளம்பினார் எங்கள் ஓட்டுநர். கடல் ஏற்றத்தின்போது அலை மணற்குன்றின் அடிவாரத்தையே தொட்டுவிடும். வண்டிக்கு வழி இருக்காது.

இவ்வளவு வறண்ட கரைக்குப் பறவைகள் ஏன் வருகின்றன? விடை கடலில் இருக்கிறது. பெங்குவேலா நீரோட்டம் இக்கரையோரம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. அந்த நீரின்மேல் குளிர்ந்துவிடும் காற்று மேலெழாது. எனவே மழை மேகமும் திரளாது, மூடுபனி மட்டும் வரும். நமீப் பாலைவனம் இவ்வளவு வறண்டு கிடப்பதற்கு இது பெரிய காரணம். அதே கடலில் தெற்குக் காற்று மேல்நீரை விலக்க, ஆழத்து நீர் சத்துகளோடு மேலே வருகிறது. நுண்ணுயிர்களும் மீன்களும் பெருகுகின்றன. மண்ணுக்கு மறுத்ததையெல்லாம் இந்தக் கடல் காயலுக்குக் கொடுத்துவிடுகிறது என்றே எனக்குத் தோன்றியது.

மணல் திட்டு ஒன்று அலையைத் தடுத்துக் காயலைக் காக்கிறது. அந்தத் திட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால் காயலின் வடிவமும் மாறுகிறது. 1995இல் இந்தக் காயல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமானது.

பூநாரைகள் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டிக்கொண்டிருந்தன. வடக்கு நமீபியாவின் எட்டோஷா உப்பு வெளியில் மழைநீர் தேங்கும் ஆண்டுகளில் அவை முட்டையிட அங்கே போய்விடும். ஆனால் என் கண் உள்ளான்களை விட்டு அகலவில்லை. அலகு நுனி வளைந்த அந்த உள்ளான் சுமார் 60 கிராம்தான் இருக்கும். சைபீரியத் துந்திரத்திலிருந்து 10,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்திருக்கிறது. நம் கோடியக்கரைக்கு வருவதும் இதே இனம்.

டமாரா ஆலா என்னும் கடற்பறவையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உலகிலுள்ள டமாரா ஆலாக்களில் பெரும்பாலானவை நமீபியக் கரையோரச் சரளை வெளிகளில்தான் முட்டையிடுகின்றன. கூடு கிடையாது, தரையில் ஒரே முட்டை, கூழாங்கல்லின் நிறத்திலேயே. தடம் விலகி ஓடும் வண்டி அதை நசுக்கினால் ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. போகிறவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கி, பழகிய வழிகாட்டியோடு, பழைய சக்கரத் தடத்திலேயே போக வேண்டும்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும். ஏப்ரலுக்குப் பிறகும் காயல் காலியாவதில்லை. முதல் வயதைத் தாண்டாத உள்ளான்களில் பல வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிடுகின்றன.