ஒரு தகப்பனாரின் மனம்

சட்டம் ஒன்று செய்துவிட்டால் சமூகம் தானே திருந்திவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது உண்மையானால், ஹிந்து விதவைகளின் துயரம் 1856-ம் வருஷத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும். விதவைகளின் மறுவிவாகத்தைச் சட்டம் அங்கீகரித்தது அந்த வருஷத்தில்தான். ஆயினும் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரும், நமது அக்கிரகாரங்களில் பால்யத்திலேயே தாலியிழந்த பெண்கள் சமையலறை மூலையில் ஒடுங்கியே காலம் கழித்தார்கள். சட்டத்துக்கு வாசற்படி வரைதான் அதிகாரம், அதற்கு அப்பால் "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வியே ஆட்சி செலுத்தியது.

அந்தக் கேள்விக்கு அஞ்சாத ஒரு குடும்பம் இருந்தது. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்த சுப்பலக்ஷ்மிக்குப் பதினொரு வயதளவில் விவாகம் நடந்தது. சிறிது காலத்துக்குள்ளேயே கணவன் இறந்தான். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் பெரிய பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை; சாஸ்திரங்களோடு வாதாடவும் இல்லை. பெண்ணின் கூந்தலைக் களைய இசையாமல், அவள் கையில் புஸ்தகத்தைக் கொடுத்தார். அவ்வளவுதான். இளமையிலேயே கணவனை இழந்திருந்த சித்தி வாலாம்பாளும் துணை நின்றார். 1911-ல் சுப்பலக்ஷ்மி பிரஸிடென்ஸி கல்லூரியிலிருந்து பி.ஏ. பட்டம் பெற்று வெளிவந்தார். சென்னை ராஜதானியில் அப்பட்டம் பெற்ற முதல் ஹிந்து ஸ்திரீ அவரே என்பார்கள்.

தாம் கரையேறியது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அடுத்த வருஷமே எழும்பூரில் தகப்பனார் வீட்டில் நான்கு இளம் விதவைகளை வைத்துக்கொண்டு விடுதி ஆரம்பித்தார். பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராயிருந்த லிஞ்ச் அம்மையார் உதவி புரிந்தார். இடம் போதாமல் விடுதி கடைசியில் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய மாளிகை அது. 1897-ல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. உறைந்து கிடந்த வாழ்க்கைகள் உருகத் தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான வீடு வேறு எங்கே கிடைக்கும்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைதிகக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அவரிடம் நம்பி அனுப்பியதற்குக் காரணம், அவர் ஆசாரத்தைக் கைவிடாததுதான். அவரும் வெள்ளைப் புடவையே உடுத்தினார். விடுதிச் சமையலில் மடி வழுவவில்லை. ஆனால் அதே ஆசாரம் ஒரு வேலியாகவும் நின்றது: அந்த விடுதியில் பிராமணப் பெண்களுக்கே இடம் இருந்தது. இக்குறையை மறைப்பதில் பயனில்லை. எனினும் அருகிலிருந்த மீனவக் குப்பத்துக் குழந்தைகளுக்கும் அவர் பள்ளி வைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1927-ல் தோன்றிய சாரதா வித்யாலயம் இன்றும் தியாகராய நகரில் நடைபெறுகிறது. விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிய தெருக்களிலே, அவரிடம் பயின்ற விதவைகள் உபாத்தியாயினிகளாக நடந்து போனார்கள்!

அதே 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கம் மதத்தின் அங்கம் என்று வாதித்தவர்களை அவர் சட்டசபையில் எதிர்த்து நின்றார். சட்டம் 1947-ல்தான் வந்தது. ஆனால் அவ்வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு அவர் தொடங்கிய ஔவை இல்லம் அதற்கு வெகு முன்பே கதவைத் திறந்திருந்தது. அடையாற்றில் அது இன்றும் இருக்கிறது. இங்கும் மனம் முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது.

பால்ய விவாகமும் தலைமழித்தலும் நம் வீடுகளை விட்டுப் போய்விட்டன என்று நாம் மகிழலாம். ஆனால், நேயர்களே, கல்யாணப் பந்தலில் ஆரத்தி எடுக்கும் வேளையில் கணவனை இழந்த அத்தை எங்கே நிற்கிறாள்? பெற்ற பெண்ணின் மாங்கல்யதாரணத்தைத் தாயார் தூண் மறைவிலிருந்தல்லவா இன்னும் பல வீடுகளில் பார்க்கிறாள்? அவளை மணையருகே அழைத்து நிறுத்த எந்தச் சட்டசபையும் மசோதா கொண்டுவரப் போவதில்லை. "அம்மா, முன்னால் வா" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும். சுப்பிரமணிய ஐயர் செய்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.