‘டவுன்’னா மட்டம்னு யார் சொன்னது?

திருநெல்வேலி ஜங்ஷன்ல நின்னுக்கிட்டு ‘டவுன்’னு கேட்டா, நெல்லையப்பர் கோயில் பக்கம் போற பஸ்ஸைக் காட்டுவாங்க. அதே வார்த்தையை டாக்டர் சொன்னா மட்டும் ‘ஏதோ கீழே’ன்னு உங்க காதுல விழுதா? அட, அது ஒரு டாக்டரோட பேருங்க!

காயல்பட்டினத்துல ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனோட தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். வட்டலப்பத்தைக் காலி பண்றதுல தம்பி எனக்கு சீனியர். ‘இதைத் தமிழ்ல என்னன்னு எழுதுறது?’ன்னு சும்மாதான் கேட்டேன். விருந்துக்கு வந்திருந்த பெரிய வாப்பா, ‘பரம்பரை நோய்னு போடு’ன்னார்.

‘யாரு பரம்பரை மச்சான்? எங்க வீட்டையா சொல்றீங்க?’ன்னு உம்மா கண் கலங்கிட்டாங்க. 16 வருஷமா அந்த ஒரு வார்த்தைதான் அவங்களைக் குத்துதாம்.

மேட்டர் இதுதான். நம்ம செல்லுல 46 குரோமோசோம், 23 ஜோடி. இதுல 21-ம் நம்பர் ரெண்டுக்குப் பதிலா மூணு இருந்தா டவுன் சிண்ட்ரோம். பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலா நடக்கிறது. பெத்தவங்ககிட்டேர்ந்து வர்றது ரொம்ப அபூர்வம். ஆக, மரபணு சமாசாரம்தான்; பரம்பரைன்னு யாரையும் கை காட்ட முடியாது. தொத்தவும் தொத்தாது.

பேர்ச் சண்டை பழசு. 1866-ல ஜான் லாங்டன் டவுன்ங்கிற இங்கிலாந்து டாக்டர், முகச்சாயலை வெச்சு மங்கோலியர் பேரைச் சூட்டிட்டார். 1959-ல கூடுதல் குரோமோசோம் விஷயம் வெளியே வந்துச்சு. 1961-ல விஞ்ஞானிகள் சிலர் ‘அந்தப் பேர் வேண்டாம்’னு ‘லான்செட்’ இதழுக்கு எழுதினாங்க. 1965-ல மங்கோலியாவே உலக சுகாதார நிறுவனத்துக்கிட்ட ஆட்சேபிக்க, அங்கே பழைய பேர் போச்சு. நம்ம தமிழ்நாட்டுலயும் 2010-ல ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்துச்சே!

பாட்டிக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். ‘அல்லாஹ் தந்த அமானிதம், அவ்வளவுதான்’னாங்க. நல்ல வார்த்தைதான். ஆனா ஃப்ரெண்ட் விடல: ‘அமானிதம்னு சொல்லிச் சொல்லித்தானே ஏழு வயசு வரைக்கும் இவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வெச்சிருந்தீங்க?’ பாட்டி பதில் பேசல.

கடைசியில உம்மாவே சொன்னாங்க: ‘நீ டவுன் சிண்ட்ரோம்னே எழுது வாப்பா. பரம்பரைன்னு மட்டும் வேண்டாம்.’

பெரிய வாப்பா சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. தன்னோட வட்டலப்பக் கிண்ணத்தைத் தம்பி பக்கம் நகர்த்தி வெச்சார்.