விளையாட்டுச் சிகிச்சை: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி திறந்த சில வாரங்களில் என் அறை நிரம்பிவிடுகிறது. காலையில் வயிற்றுவலி, பள்ளி வாசலில் வாந்தி, ஏழு வயதில் மறுபடியும் படுக்கையை நனைப்பது, தம்பி பிறந்ததிலிருந்து பேச்சே குறைந்துபோனது. எப்போதிருந்து என்று கேட்டால், "ஒரு வருசமா இருக்கு டாக்டர்" என்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் கயிறு கட்டியிருப்பார்கள், மிளகாய்ப் புகை காட்டியிருப்பார்கள், சூடு வைப்பதாக மிரட்டியிருப்பார்கள். பயந்த பிள்ளையை மேலும் பயமுறுத்தியதுதான் மிச்சம்.

சிகிச்சை அறையில்

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் விளையாட்டுச் சிகிச்சை. பெரும்பாலும் 3 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு, வாரம் ஒருமுறை, 30 முதல் 50 நிமிடம். பொம்மைக் குடும்பம், மணல், களிமண், சாயம், டாக்டர் செட் எல்லாம் இருக்கும். எதை எடுப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். வாயால் சொல்லத் தெரியாத பயமும் கோபமும் அந்த விளையாட்டில் வெளிப்படும். தொடங்கும் முன் காது, கண், தேவைப்பட்டால் சிறுநீர்ப் பரிசோதனை.

தவறான எண்ணங்கள்

"விளையாடத்தானே, வீட்டிலேயே விளையாடட்டுமே." வீட்டு விளையாட்டு அவசியம்தான். ஆனால் விளையாட்டில் வருவதைப் புரிந்துகொண்டு பதில் தருவதற்குப் பயிற்சி வேண்டும்.

"நாலு தடவை வந்தும் மாறவில்லை." மாதக்கணக்கில் ஆகலாம். தொடக்கத்தில் அடமும் அழுகையும் கூடவும் செய்யும். அடக்கி வைத்தது வெளியே வருகிறது. அந்த நேரத்தில் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

"உள்ளே என்ன செய்தான் என்று சொல்லுங்கள்." பொதுவான போக்கைச் சொல்வோம், ஒவ்வொரு அசைவையும் அல்ல. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மறைக்க மாட்டோம். பாலியல் கொடுமை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும்.

"பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறேன்." போகாதீர்கள். விளையாட்டுச் சிகிச்சை பற்றிய 93 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான அலசலில், பயிற்சி பெற்ற பெற்றோரே நடத்தியபோதுதான் பலன் அதிகம் தெரிந்தது.

"ஆட்டிசத்துக்கு இது மட்டும் போதும்." போதாது. பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

மருந்துக்கடை வேண்டாம்

பிள்ளை தூங்கவில்லை என்று சளி, அலர்ஜி சிரப்பை இரவில் ஊற்றுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள். எத்தனை முறை சொல்வது! அந்தச் சிரப் சில குழந்தைகளைத் தூங்கவைக்காமல் இன்னும் துடிக்கவைக்கும். அளவு மீறினால் வலிப்பே வரும். தூங்காததற்குக் காரணம் பயம் என்றால் எந்தச் சிரப்பும் அதைக் கரைக்காது.

உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்

சிகிச்சைக்கு வரும் நாளில் பழைய சட்டை போட்டு அனுப்புங்கள், அழுக்காகட்டும். வெளியே வந்ததும் "என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள். அடிக்காதீர்கள். உறவினர் முன் படுக்கை நனைத்த கதையைச் சொல்லாதீர்கள். தினமும் அரை மணி நேரம் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள், பிள்ளை சொல்கிறபடி விளையாடுங்கள். பழக்கம் மாறி இரண்டு மூன்று வாரம் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் வாருங்கள். பணம் தடையென்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ இலவசமாக அழையுங்கள். எங்கே போனாலும் சரி, தயவுசெய்து ஒரு வருடம் காத்திருக்காதீர்கள்.