பசித்திருத்தல் மட்டும் நோன்பாகுமோ?

மேற்கு வானில் தலைப்பிறை தென்பட்டது என்ற அறிவித்தல் கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து கிடைத்ததும், இலங்கை முஸ்லிம்களின் இல்லங்கள் யாவும் புத்துயிர் பெறுகின்றன. அன்றிரவே பள்ளிவாசல்களில் தராவீஹ் தொழுகை ஆரம்பமாகின்றது. அடுக்களைகளில் ஸஹர் உணவுக்கான ஆயத்தம் நடைபெறுகின்றது. தாமும் நோன்பு பிடிப்போம் என்று சிறுவர் அடம்பிடிக்கின்றனர். இத்துணை ஆவலுடன் நாம் எதிர்கொள்ளும் ரமழான், முப்பது நாளில் நம்மிடம் எதனை விட்டுச் செல்கின்றது? இதனைச் சற்றே சிந்திப்போம்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624 அளவில், ரமழான் நோன்பு கடமையாக்கப்பட்டது. அதன் நோக்கம் தக்வா எனும் இறையச்சமே என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் தெளிவாக்குகின்றது. உணவும் நீரும் நமக்கு ஆகுமாக்கப்பட்டவை. ஆகுமானவற்றையே இறைவனுக்காக விட்டிருக்கப் பழகிய ஒருவன், ஆகாதவற்றை நாடலாமோ? நோன்பு கற்பிக்கும் முதற் பாடம் இதுவேயன்றோ!

சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாள்களைக் கொண்டது. ஆதலின் ரமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி விடுகின்றது. வடபுல நாடுகளிலே கோடைகால நோன்பு மிக நீண்டது. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நம் நாட்டிலோ எக்காலத்திலும் 13 மணி முதல் 14 மணி வரையிலேயே அது நிறைவெய்தும். எனவே பகற்பொழுதின் நீளம் நமக்குப் பெருஞ் சோதனையன்று. நம்முடைய சோதனை வேறிடங்களிலே உள்ளது.

நாவுக்கும் ஒரு நோன்பு

பொய்யையும் பொய்யான நடத்தையையும் விட்டுவிடாதவன் உணவையும் பானத்தையும் விட்டிருப்பதில் இறைவனுக்கு எத்தேவையுமில்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. எவரேனும் வம்புக்கு வந்தால், தான் நோன்பாளி எனக் கூறி ஒதுங்குமாறும் அவர்கள் பணித்துள்ளார்கள். ஆயினும் அஸர் வேளையில் நம் வீடுகளில் எழும் குரல்களைக் கவனியுங்கள். பசியின் பெயரால் பிள்ளைகள் மீது சினம். வேலையாள் மீது கடுஞ்சொல். பொழுது போக்க அயலாரைப் பற்றிய புறங்கூறல். முன்னர் திண்ணையில் நிகழ்ந்த அப்புறங்கூறல் இன்று கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. வாய் மூடியிருக்க, விரல்கள் பேசுகின்றன. அதுவும் புறங்கூறலே என்பதை நாம் மறத்தலாகாது.

அடுக்களையில் யார்?

நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் நீரும் போதுமானவை. இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி ஒரு கோப்பை இருப்பின் உடலும் தேறும். ஆனால் நம் மேசைகளைப் பாருங்கள். சமோசா ஒரு தட்டு, ரோல்ஸ் ஒரு தட்டு, கட்லட் ஒரு தட்டு, சர்பத் ஒரு குவளை. பின்னர் இரவுச் சாப்பாடு வேறு! பகலில் விட்டதை இரவில் வட்டியுடன் மீட்பதாயின், அதனை உணவுநேர மாற்றம் எனலாமேயன்றி நோன்பு எனலாகாது.

இதனிலும் கவலைக்குரியது, இவ்வளவையும் ஆயத்தஞ் செய்பவள் யார் என்பதே. அவளும் நோன்பாளிதான். ஸஹருக்கு முதலில் எழுந்தவள் அவளே. இறுதியில் உறங்கியவளும் அவளே. கணவரும் மைந்தரும் குர்ஆனும் கையுமாய் அமர்ந்திருக்கும் பொன்னான வேளையில் அவள் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கின்றாள். அவளுக்கும் ரமழான் வேண்டாமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் துணைபுரிந்தமையை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அவ்வழியைப் பின்பற்றுவோர், மேசையில் இரண்டு தட்டுகளைக் குறைக்கவும், கோப்பைகளைத் தாமே கழுவவும் நாணவேண்டியதில்லை.

நோயாளர், பயணிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. நீரிழிவு நோயினர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே நோன்பு நோற்றல் வேண்டும். குணமடையும் நம்பிக்கையற்ற நோயாளி, நோன்பொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தல் போதுமானது. ஊர் என்ன சொல்லுமோ என அஞ்சி நோயுற்ற மூதாட்டியை நோற்கச் செய்வது பக்தியாகாது.

சிறுகச் சிறுக

குர்ஆனை முழுமையாக ஓத ஆசையிருந்தும் காலமில்லை என்பார் பலர். பரவலாகப் புழங்கும் மதீனாப் பதிப்பில் ஒரு ஜுஸ்உ ஏறத்தாழ இருபது பக்கம். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் நான்கு பக்கம் ஓதினால், நாளுக்கு ஒரு ஜுஸ்உ முடியும். மாதத்தில் முப்பதும் நிறைவெய்தும். அதுவும் இயலாதோர் ஒரு பக்கத்தைப் பொருளுணர்ந்து ஓதுக. சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் அமலே இறைவனுக்கு உவப்பானது.

ஈகையும் அவ்வாறே. ஓராண்டு கையிருந்த செல்வம் உரிய அளவை எட்டியிருப்பின் நாற்பதில் ஒரு பங்கு ஸக்காத்து. பெருநாள் தொழுகைக்கு முன், தலைக்குச் சுமார் இரண்டரைக் கிலோ அரிசி பித்ரா. இவை நம் தயவில் வழங்கும் பிச்சையன்று, வறியவருக்குரிய உரிமை. வாயிலில் அவர்களை வரிசையில் நிறுத்தாது, வீடு தேடிச் சென்று கொடுப்பதே பண்பு.

இறுதிப் பத்து

ஆயிரம் மாதங்களினும் மேலான லைலத்துல் கத்ர் இரவை இறுதிப் பத்தில் தேடுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். ஆயிரம் மாதமெனில் 83 ஆண்டும் நான்கு மாதமும். ஒரு மனிதனின் நிறைவாழ்வு! அந்த இரவுகளிலோ புறக்கோட்டைத் துணிக்கடைகளில் நம்மவர் கூட்டம் அலைமோதுகின்றது. பெருநாள் உடுப்பு வேண்டாமென நாம் கூறவில்லை. ரமழானுக்கு முன்னரே, ஷஃபானிலேயே, கடன்படாது வாங்கிவிட்டால் அந்த இரவுகள் நம்முடையவை ஆகும்.

பதின்மூன்று மணிநேரம் சிகரெட்டைத் தொடாதிருக்க முடிந்தவனால், அதனை அடியோடு விடவும் முடியும். ஒரு மாதம் சினத்தை விழுங்கியவனால் பதினொரு மாதமும் விழுங்க முடியும். ஷவ்வாலின் ஆறு நோன்புகளும் இத்தொடர்ச்சியையே நினைவூட்டுகின்றன. இவ்வாண்டு நம்மிடமுள்ள ஒரு தீய வழக்கத்தையேனும் ரமழானுடன் வழியனுப்பி வைப்போம். பெருநாட் பிறை காணும்போது நம் வீட்டார், நம் நாவாலும் கையாலும் முன்னிலும் சற்று நிம்மதி பெற்றிருப்பாராயின், நாம் பசித்திருந்தமை வீண்போகவில்லை என மகிழலாம்.