தூங்கிப்போன காவலாளி, மஞ்சளாகிப்போன புகையிலை: அந்தச் சூடு என்ன செய்தது?

1839. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலம், காஸ்வெல் கவுண்டி. அபைஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில், புகையிலை தொங்கவிட்ட கொட்டகைக்கு இரவுக் காவல் ஸ்டீபன் என்ற இளைஞர். உள்ளே எரியும் விறகு நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆனால் அசந்து தூங்கிவிட்டார்.

விழித்துப் பார்த்தால் நெருப்பு அணையப்போகிறது. அவர் அந்தப் பண்ணையில் அடிமை. பதறிப்போய், கொல்லுப்பட்டறைக் கரியை அள்ளி வந்து போட்டார். சூடு சட்டென்று ஏறியது. பழுப்பாக வேண்டிய இலைகள் பளிச்சென்று மஞ்சளாகின. 'பிரைட் லீஃப்' புகையிலை பிறந்த கதை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இலைக்குள் என்ன நடந்தது?

பறித்த பிறகும் இலைக்கு உயிர் இருக்கிறது. 35 - 40 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஈரப்பதத்தோடு வைத்தால் பச்சையம் சிதையும். அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். கூடவே, வாழைக்காய் பழுப்பது போல, மாவுச்சத்து சர்க்கரையாக மாறும்.

அப்படியே விட்டால்? வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுக்குமே, அதே மாதிரி நொதிகள் இலையைப் பழுப்பாக்கிவிடும். இலை உயிரோடு இருக்கும்வரை சர்க்கரையும் கரைந்துகொண்டே போகும். நிழலில் வாரக்கணக்கில் காற்றாட உலர்த்தும் இலையில் நடப்பது இதுதான். சரியான நேரத்தில் சூட்டை ஏற்றி இலையை உலர்த்தினால் நொதிகளின் வேலை நின்றுபோகும். மஞ்சளும் இனிப்பும் அப்படியே தங்கிவிடும். கடைசியில் நடு நரம்பு காய 70 டிகிரிக்கு மேல் போக வேண்டும். மொத்தம் ஒரு வாரம் போல ஆகும்.

கரிக்குப் பதில் பின்னாளில் இரும்புக் குழாய்கள் வந்தன. நெருப்பு வெளியே, சூடு மட்டும் உள்ளே. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் விளையும் வர்ஜீனியா புகையிலை இன்றும் இந்த முறையில்தான் பதமாகிறது.

இதில் ஆபத்து எங்கே?

சர்க்கரை அதிகமுள்ள இலையின் புகை அமிலத் தன்மை கொண்டது. சுருட்டுப் புகை போலத் தொண்டையைக் காறாது. ஆனால் அமிலப் புகையிலுள்ள நிக்கோட்டினை வாய் அவ்வளவாக உறிஞ்சாது. 'கிக்' வேண்டுமென்றால் நுரையீரல் வரை இழுத்தாக வேண்டும். மென்மையான புகை, ஆழமான இழுப்பு. சிகரெட்டுக்கு அச்சு அசலாகப் பொருந்திய இலை இது. 1880களில் ஜேம்ஸ் பான்சாக்கின் சிகரெட் இயந்திரமும் வந்து சேர, வியாபாரம் எங்கேயோ போய்விட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இன்று ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் புகையிலை பறிக்கிறது. 'லைட்டாத்தானே இருக்கு' என்று தோன்றுகிறதா? தொண்டை காட்ட வேண்டிய எச்சரிக்கையைச் சூடு அணைத்துவிட்டது, அவ்வளவுதான். நிக்கோட்டினும் தாரும் எங்கேயும் போகவில்லை.

அன்று அந்த மஞ்சள் இலையால் பணமும் பேரும் பார்த்தவர் அபைஷா ஸ்லேட். கரியை அள்ளிப் போட்ட ஸ்டீபனுக்கு விடுதலை கிடைக்க, உள்நாட்டுப் போர் முடிந்த 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.